கழுநீருக்கு வந்த வாத்து

ஊருக்கு ஊர் சாமி வேறு, சாம்பார் வேறு என்றால் ஒத்துக்கொள்ளலாம். குப்பைக்கும் ஊருக்கு ஊர் சட்டம் வேறு என்பது சுங்கைப்பட்டாணிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

நானும் என் அண்ணன் ஜூலியஸும் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே குப்பைக்கு ராஜா டிரஸ்ஸர். தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடுகிற அந்த மனிதர் திடீரென்று ஒருநாள் தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழிலாளர் லயத்தில் வாசல் வாசலாக வருவார். பால் டின் ஒன்று நிமிர்ந்து கிடந்துவிட்டால் போதும், அதில் கொசு முட்டையிடும் என்று அப்பாவைக் கூப்பிட்டு மேற்பார்வை பார்க்கிற மண்டோர் முன்னால் நிற்க வைத்துத் திட்டுவார். அதனால் டின்னையெல்லாம் தட்டி நசுக்கிக் குழியில் போட்டு மண் தள்ள வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மிச்சச் சோறும் காய்த்தோலும் மாட்டுக்கு. எங்களுக்கு இதெல்லாம் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை.

அண்ணன் கட்டிக்கொண்டு வந்த நவமணி அண்ணி லூனாஸ்காரி. கடைவரிசைக்குப் பின்னால் வீடு. அங்கே டிரஸ்ஸரும் இல்லை, குழியும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் பின்கதவு ஓரத்திலும் மூடி போட்ட வாளி ஒன்று இருக்கும். அரிசி கழுவின தண்ணீர், மிச்சச் சோறு, மீன் தலை, பழத்தோல் எல்லாம் அதில்தான். கழுநீர் வாளி என்பார்கள். விடிந்ததும் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பெரிய தகர டின்களைக் கட்டிக்கொண்டு ஒரு சீனர் வந்து, வாளியைத் தன் டின்னில் கவிழ்த்துக்கொண்டு போவார். பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். காசு கேட்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். சீனப் பெருநாள் வந்தால் மட்டும் வீட்டுக்கு ஒரு வாத்தோ கொஞ்சம் முட்டையோ கொடுத்துவிட்டுப் போவார். லூனாஸில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

எண்பத்து மூன்றில் அண்ணன் சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு வாங்கினார். வரிசை வீடு. முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண், பின்னால் முழுக்கச் சிமெண்டு. அண்ணனுக்கு ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. எனக்குச் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் நானும் அவர்களோடு வந்து ஒட்டிக்கொண்டேன்.

இந்த ஊரில் குப்பைக்கு லோரி உண்டு. வாசலில் தோங் என்கிற குப்பைத்தொட்டியை வைத்தால் நகராண்மைக் கழகத்து ஆட்கள் வந்து தூக்கிக் கொட்டிக்கொண்டு போவார்கள். ராஜ வாழ்க்கை என்று நினைத்தேன். ஆனால் தோங் சொட்டக்கூடாதாம். ஈரக் குப்பை போட்டு அடியில் தண்ணீர் வடிந்தால், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் தோங்கை அப்படி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறையும் வைத்துவிட்டுப் போனார்கள். புழு நெளிந்தது. தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டினார்கள். குழி தோண்டிப் புதைக்கலாம் என்று நான் சொன்னேன். சிமெண்டில் எங்கே தோண்டுவது என்று அண்ணன் கேட்டார். அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறு லூனாஸுக்குப் போய், பழைய பண்ணைக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். அவருடைய தம்பிக்குச் சுங்கைப்பட்டாணிக்கு வெளியே பண்ணை இருந்தது. அந்தத் தம்பியை நாங்கள் தௌகே, அதாவது முதலாளி, என்று கூப்பிட்டோம். ஒரு வாரத்தில் எங்கள் பின்சந்துக்கும் டின் கட்டிய மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அண்ணியின் முகத்தில் அன்றைக்குத்தான் இந்த ஊரில் காலூன்றிய களை தெரிந்தது.

பக்கத்து வீட்டு மக்சிக் கல்சோமைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மக்சிக் என்றால் மலாயில் அத்தை, பாக்சிக் என்றால் மாமா. மெர்போக் பக்கத்தில் ஒரு கம்பத்துக்காரர், அதாவது மலாய்க் கிராமத்துக்காரர். புருஷன் பஸ் ஓட்டுகிறார், சுராவ் என்கிற சின்னப் பள்ளிவாசலின் கமிட்டியிலும் இருக்கிறார். ஒரே மகள் ரொஹானா. நாங்கள் குடிவந்து சில மாதத்தில் அண்ணிக்குக் கரு கலைந்துவிட்டது. அண்ணன் வேலையில், நான் வேலையில், அம்மா தோட்டத்தில். அண்ணி குளியலறையில் சுருண்டு கிடந்தபோது சத்தம் கேட்டு ஓடிவந்தது மக்சிக்தான். டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அவர்தான். திரும்பி வந்த பிறகு பெற்ற தாய் மாதிரி வயிற்றுக்கு எண்ணெய் தேய்த்து, துணி சுற்றிக் கட்டி, இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். என் அம்மா வந்து செய்ய வேண்டியதை எல்லாம் அவர் செய்தார். அதற்குப் பிறகு அண்ணிக்கு இந்த ஊரில் மனுஷர் என்றால் மக்சிக் ஒருவர்தான். நான் நாத்தனார், என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எனக்கு வருத்தம்கூட உண்டு.

மக்சிக் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகவே அண்ணி பன்றி இறைச்சியை வீட்டுக்குள் விடவில்லை. கிறிஸ்மஸுக்குக்கூட இல்லை. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கோழி தின்றார். பழைய சட்டி, தட்டை எல்லாம் என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணி புதிதாகப் பீங்கான் கோப்பை வாங்கி வைத்தார். அதில்தான் மக்சிக் தேத்தண்ணி குடிப்பார். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர் கண்ணில், தினம் பின்கதவில் வந்து நின்ற மோட்டார் சைக்கிள் மட்டும் படவில்லை பாருங்கள்.

மக்சிக் வீட்டுத் தோங்கையும் லோரிக்காரர்கள் ஒருநாள் விட்டுவிட்டுப் போனார்கள். அன்று பின்வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். எங்கள் பேச்சு எப்போதும் மலாயில்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறபடி தமிழில் சொல்கிறேன்.

"மணி, உன் வீட்டுத் தோங் மட்டும் எப்படி நாறாம இருக்கு?"

"மிச்சம் மீதிய நான் தோங்குல போடறதில்ல மக்சிக். காலையில ஒரு தௌகே வந்து எடுத்துட்டுப் போவாரு. அவரு வளர்க்கறதுக்குத் தீனி."

"அல்ஹம்துலில்லா. எங்க கம்பத்துல இதையெல்லாம் கோழிக்கும் வாத்துக்கும்தான் போடுவோம். இங்க சாக்கடையில கொட்ட மனசே வரமாட்டேங்குது. சோறு பாவம் லா. என்னோடதையும் குடுக்கட்டா?"

"குடுங்க மக்சிக், என் வாளியிலயே ஊத்திக்கலாம்."

நான் அங்கேதான் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. தெரிந்துதான் கேட்கிறார் என்று அண்ணி நினைத்தார். விடியற்காலையில் மூடி போட்ட டின்னோடு வருகிற சீனர் யார் என்று லூனாஸில் மலாய்க்காரருக்கும் தெரியும். அவர்கள் அந்த டின் பக்கமே வரமாட்டார்கள். மக்சிக் வந்ததே பெருந்தன்மை என்று அண்ணி எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கமோ, தீனி என்றால் கோழியும் வாத்தும்தான், வேறு என்ன என்று மெர்போக் கம்பம் நினைத்துக்கொண்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்ன வேலி. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை.

அதன் பிறகு தினம் சாயங்காலம் மக்சிக்கின் சிவப்பு வாளி வேலிக்கு மேலே வரும். அண்ணி வாங்கித் தன் வாளியில் ஊற்றி, கழுவித் திருப்பிக் கொடுப்பார். மக்சிக் அதிலும் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். மிளகாய்க் காம்பும் முள்ளும் அதில் இருக்காது. "வாயில்லாத ஜீவன், தொண்டையில குத்தும்" என்பார்.

சீனப் பெருநாள் வந்தது. தௌகே காலைக் கட்டிய இரண்டு வாத்துகளைக் கொண்டுவந்து பின்கதவில் வைத்தார். நல்ல கொழுத்த வாத்துகள். வாளியில் பாதி மக்சிக்குடையது, அவருக்கும் பங்கு உண்டு என்று அண்ணி ஒன்றை வேலிக்கு மேலே நீட்டினார். இதில் கள்ளம் இல்லை. லூனாஸ் நியாயம் அது. மக்சிக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாக்சிக் அன்றே பிஸ்மில்லா சொல்லி அறுத்தார்.

மறுநாள் மதியம் மக்சிக் ஒரு கிண்ணம் நிறைய வாத்துக் குலாய் கொண்டுவந்தார். எனக்கு அன்று லீவு. மூன்று பேரும் எங்கள் மேசையில் உட்கார்ந்தோம். மக்சிக் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சந்தோஷமாகப் பேசினார்.

"நம்ம சோறுதான் இப்படித் திரும்பி வந்துருக்கு மணி. அந்தத் தௌகேகிட்ட வாத்து நெறைய இருக்கும் போல. என்ன கொழுப்பு பாத்தியா? ரொஹானா கல்யாணத்துக்குச் சமைச்சு மிஞ்சறத எல்லாம் அவருகிட்டயே குடுத்துடலாம். பெரிய டின்னா கொண்டுவரச் சொல்லு. வாத்துங்களும் கல்யாணச் சாப்பாடு சாப்பிடட்டும்."

அண்ணியின் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி என்னைப் பார்த்தார். தலையில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினது போல இருந்தது. இத்தனை மாதம் சுராவ் கமிட்டிக்காரர் வீட்டுச் சோறு எங்கே போய்க்கொண்டிருந்தது, இந்த வாத்து எந்தக் குட்டையில் நீந்தி வளர்ந்தது என்பதெல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றது. அந்தப் பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். பன்றிக் கொட்டகையைக் கழுவிவிடுகிற தண்ணீர் போய்ச் சேர்கிற குட்டையில்தான் வாத்து கிடக்கும்.

"சொல்றியா மணி?"

அண்ணி தலையாட்டினார். சொல்கிறேன் என்று தலையாட்டினார். மக்சிக் எலும்பை உறிஞ்சிவிட்டு, எங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் வேலை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் மாநாடு நடந்தது.

"சொல்லவே கூடாது" என்றார் அண்ணன். "அவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? தாமான் முழுக்கப் பரவும். நம்ம வீட்டுக்கு நெருப்பு வச்சாலும் வைப்பானுங்க."

"யாரும் நெருப்பு வைக்க மாட்டாங்க. உனக்குப் பயம்" என்றேன்.

"ஒனக்கு என்னா, நீ கல்யாணமாகிப் போய்டுவ. நான்தான லோன் கட்டிட்டு இங்க கெடக்கணும்."

"தெரியாம செஞ்சதச் சொன்னா மன்னிப்பாங்க. தெரிஞ்சும் மறைச்சா என்னா பேரு அதுக்கு?"

"பேட்ரி, வாய மூடு லா."

வாயை மூடச் சொன்னால் எனக்கு வாய் இன்னும் நீளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம் என்று அம்மா எங்கள் சித்தப்பா வீட்டைச் சொல்வார், அது இங்கேயும் வந்துவிட்டது என்று சொன்னேன். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார். "நான் சொல்றேன். நானே சொல்லிக்கிறேன். கொஞ்சம் டைம் குடு பேட்ரி" என்றார். அவர் வாயால் சொல்வதுதான் சரி என்று நானும் விட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக நாள் போனது. அண்ணி சொல்லவில்லை. காலையில் சொல்லப் போவார். மக்சிக் கல்யாணத் துணியை விரித்துக் காட்டி, இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா என்று கேட்பார். அண்ணி அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவார். தபசு காலம் தொடங்கியது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவர், முறை வரும்போது விலகி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"சாமியாருகிட்ட சொன்னா எனக்கு லேசாயிடும் பேட்ரி. லேசாயிட்டா அப்புறம் மக்சிக்கிட்ட சொல்லவே மாட்டேன்."

அவருடைய வெட்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மக்சிக் தெருவில் எதிரே வந்தால் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் என்னை நிறுத்தி, இளைத்துப்போய்விட்டாய் என்று கையில் பலகாரம் வைப்பார். வாங்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். வாங்கிக்கொண்டு வந்து தின்றுவிடுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் அண்ணி செய்தார். மக்சிக்கின் சிவப்பு வாளியை அதன் பிறகு தௌகேயிடம் போக விடவில்லை. வாங்கிக்கொள்வார், ஆனால் தன் வாளியில் ஊற்றமாட்டார். லோரிக்கும் போட முடியாது. அதனால் வாசலில் ரோஜாச் செடி வைத்திருந்த அந்தப் பாயளவு மண்ணில் குழி பறித்துப் புதைத்தார். எருவாகிவிடும் என்று நினைத்தார். தோட்டத்தில் பிறந்த என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: மேலே இலைதழை போட்டு, மண்ணைக் கனமாக மூடி, ஆறவிட்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். அவர் அவசர அவசரமாகத் தினம் அதே இடத்தைக் கிளறி, தினம் அதன் மேலேயே கொட்டினார். மண் சேறாகிப் புளித்தது. ரோஜா மஞ்சளாகிச் செத்தது. தெருநாய்கள் மோப்பம் பிடித்து வந்தன.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், நாய்கள் அந்த இடத்தைத் தோண்டி எல்லாவற்றையும் வாசலில் இழுத்துப் போட்டுவிட்டன. நானும் அண்ணனும் அண்ணியும் துடைப்பத்தோடு நின்றோம். மக்சிக் பத்திரிகை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர் எங்கள் கேட்டில் நின்றார். கீழே பார்த்தார். அவர் வீட்டு மீன் தலை. அவர் வீட்டில் சோற்றில் போடுகிற பண்டான் இலை முடிச்சு. காம்பு கிள்ளிய அவர் வீட்டு மிளகாய். அவர் கைமுடிச்சு அவருக்குத் தெரியாதா?

அவர் முகம் சுருங்கியது. கோபம் இல்லை. புண்பட்ட முகம்.

"மணி, நான் குடுக்கறத அந்த ஆளு வேணாம்னு சொல்லிட்டாரா? மலாய்க்காரங்க வீட்டுதுன்னு எடுக்க மாட்டேங்கறாரா?"

அண்ணன் முந்திக்கொண்டார்.

"ஆமா மக்சிக். அந்தத் தௌகே ஒரு மாதிரி ஆளு. எங்களுக்கே கஷ்டமா போச்சு. ஒங்க மனசு நோகுமேன்னுதான் மணி சொல்லாம பொதைச்சா."

என் அண்ணன் பொய் சொல்லி நான் முன்னேயும் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி அங்கே இல்லாத ஆள் தலையில் பழியைத் தூக்கிப் போட்டுப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பு எரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மக்சிக் சொன்னார்:

"எதுக்கு நீங்க என் முன்னால தலை குனியணும்? நாளைக்கு அவரு வரட்டும். நான் நின்னு கேக்கறேன். என் வாளியில என்னா குத்தம்னு கேக்கறேன்."

அண்ணியின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது.

"அவரு ஒண்ணும் சொல்லல மக்சிக். அவருக்கு உங்க வாளியப் பத்தியே தெரியாது. அவரு வளர்க்கறது வாத்து மட்டும் இல்ல. பன்னி. நம்ம குடுத்ததெல்லாம் பன்னிக்குத்தான் போச்சு."

தெருவில் ஒரு ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மக்சிக் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாத்து?"

"அங்க வளர்ந்ததுதான்."

மக்சிக் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். அண்ணி அழுதுகொண்டே பேசினார். லூனாஸில் எல்லாருக்கும் தெரியும் மக்சிக், உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன், சத்தியமாக ஏமாற்றவில்லை, மாதாமேல் ஆணை என்றெல்லாம் சொன்னார். மக்சிக் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதுல உன் குத்தம் இல்ல. நானும் கேக்கல. ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு வழக்கம். தெரியாம நடந்தத ஆண்டவன் பாத்துக்குவான்." பிறகு மெதுவாகக் கேட்டார். "எனக்குத் தெரியாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

அண்ணி பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"குலாய் கொண்டுவந்த அன்னிக்கு."

"அது பெருநாள் சமயம்."

"ஆமா மக்சிக்."

"அதுக்கப்பறம் தினம் என் அடுப்படியில வந்து உக்காந்த. தேத்தண்ணி குடிச்ச. கல்யாண மிச்சத்த அவருக்குக் குடுக்கணும்னு நான் சொன்னப்பத் தலையாட்டின."

"ஆமா."

மக்சிக் குனிந்து, சேறு படாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, தன் வீட்டுக்குப் போனார். நானும் அண்ணியும் உள்ளே வந்து பின்பக்கமாகப் பார்த்தோம். மக்சிக் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, மண் கரைத்த தண்ணீரால் சிவப்பு வாளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாத்துச் சட்டியும் பக்கத்தில் இருந்தது. அவர்கள் மதத்தில் அசுத்தம் பட்டதை அப்படித்தான் கழுவ வேண்டுமாம். நிதானமாக, முகத்தில் ஒன்றும் இல்லாமல் கழுவினார். அண்ணி ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அதைப் பார்க்க வேண்டியது தன் தண்டனை என்று நினைத்தாரோ என்னவோ.

அண்ணன் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. தாமானில் யாருக்கும் தெரியவில்லை. ஏன் மிச்சம் மீதி கொடுப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டதற்கு, நகராண்மைக் கழகத்தில் கூடாது என்கிறார்கள் என்று மக்சிக் பதில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எங்களுக்காக அந்த மனுஷி பொய் சொன்னார். அதற்குப் பதில் நாலு பேர் முன்னால் எங்களை இழுத்து வைத்து அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தௌகேயை அண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிச்சச் சோற்றைத் தாளில் சுற்றி, நன்றாக வடித்து, சொட்டாமல் தோங்கில் போடக் கற்றுக்கொண்டோம். முதலிலேயே செய்திருக்கலாம். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கல்யாணம் வந்தது. பத்திரிகை எங்களுக்கும் வந்தது, மூன்று பேரின் பெயரும் போட்டு. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் வரும் என்று அண்ணி சொன்னார். முந்தின நாளே, விடிந்ததும், பழைய கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டார். மலாய்க்காரர் கல்யாணத்தில் அதுதான் வழக்கம். வேண்டியவர்கள், உறவுக்காரர்கள் முந்தின நாளே வந்து அடுப்படியில் வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், இறைச்சி நறுக்குவார்கள், வாய் ஓயாமல் கதை பேசுவார்கள். விருந்தாளிகள் மறுநாள் நல்ல துணி உடுத்தி வந்து பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மக்சிக் கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே, வெங்காயம் உன் பொறுப்பு என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தார்.

நானும் கூடப் போனேன். பின்பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெங்காயம் மலையாகக் கிடந்தது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்காரப் போனார். மக்சிக் எழுந்து வந்தார். சிரித்த முகத்தோடுதான் வந்தார். அண்ணியின் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீ எதுக்குக் கையக் கெடுத்துக்கற? இதெல்லாம் செய்ய ஆளு இருக்கு. நாளைக்கு நல்லா உடுத்திட்டு வா. முன்னால உக்காரு."

கத்தியைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் பந்தலில் எங்களுக்கு முதல் மேசை. மேலே மின்விசிறி ஓடியது. பாக்சிக்கே வந்து அண்ணனோடு கை குலுக்கினார். மக்சிக் தன் கையால் எங்களுக்குச் சிரப் தண்ணீர் ஊற்றினார், நெய்ச்சோறு போட்டார், இன்னும் வையுங்கள் என்று உபசரித்தார். போகும்போது மற்ற விருந்தாளிகளுக்குக் கொடுத்த மாதிரியே பூ கட்டிய முட்டையை இரண்டு கையாலும் கொடுத்து, வந்ததற்கு நன்றி என்றார். அடுத்த வீட்டில் இருந்து, பத்தடி நடந்து வந்தவளுக்கு அந்த நன்றி.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா மணி? எல்லாத்தையும் மறந்துட்டாங்க. மொத மேசை குடுத்தாங்க. எவ்ளோ மரியாதை."

அண்ணி பட்டுப் புடவையோடு அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பின்பக்கத்தில் பெண்கள் சட்டி கழுவிக்கொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்த திட்டியிருந்தா நான் இந்நேரம் அங்க சட்டி கழுவிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

அண்ணனுக்கு அது விளங்கவில்லை. நான் விளக்கிச் சொல்லவும் இல்லை. பின்கதவைச் சாத்திவிட்டு வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.